முறிந்த பிளேடை முதலில் காட்டுங்கள்: ஸ்க்ரோல் சா கேள்வி பதில்

(ஸ்க்ரோல் சா: மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி, மரத்தில் வளைவுகளை அறுக்கும் மெஷின்.)

அம்மாபேட்டையிலிருந்து: அண்ணா, முக்கால் அங்குலத் தேக்கில் பிள்ளையார் அறுக்கிறேன். 3ஆம் நம்பர் பிளேடு, அரை மணி நேரத்தில் நாலு போச்சு. மட்டமான சரக்கா?

சரக்கைத் திட்டுவதற்கு முன் முறிந்த துண்டுகளைப் பாருங்கள். நடுவில் முறிந்திருந்தால் குற்றவாளி பெரும்பாலும் நம் கைதான். அறுக்கும்போது பிளேடு பின்பக்கமாக வில் போல வளைகிறதா? அப்படியானால் கட்டையை அளவுக்கு மீறி அழுத்தித் தள்ளுகிறீர்கள். அவ்வளவு கனத்துக்கு 3ஆம் நம்பர் தாங்காது, அதைவிடப் பெரிய 7 அல்லது 9 போடுங்கள். தேக்கில் மணல்சத்து உண்டு, பல்லைச் சீக்கிரம் தின்றுவிடும். அறுப்பது மந்தமானதும் மாற்றிவிடுங்கள். தம்மம்பட்டி மரச்சிற்பிகள் உளியைத் தீட்டிக்கொள்வார்கள், நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஓமலூரிலிருந்து: எனக்கு எப்போதும் பிளேடைப் பிடிக்கும் கிளாம்ப் ஓரத்திலேயே முறிகிறது. பிளேடின் டென்ஷனை, அதாவது விறைப்பை, குறைத்தும் பார்த்துவிட்டேன்.

குறைத்தது தப்பு. நானும் முதல் வருடம் பயந்து பயந்து தொய்வாகவே வைத்து, பாக்கெட் பாக்கெட்டாகத் தொலைத்தேன். பிளேடைச் சுண்டினால் ‘டிங்’ என்று தெளிவாகக் கேட்க வேண்டும். பக்கவாட்டில் விரலால் அழுத்தினால் 3 மி.மீ.க்கு மேல் நகரக்கூடாது.

ஓரத்தில் முறிவதற்குக் காரணம் கிளாம்ப்தான். மேல் கிளாம்பும் கீழ் கிளாம்பும் ஒரே நேர்க்கோட்டில் இல்லையென்றால், ஒவ்வொரு ஓட்டத்திலும் பிளேடு அதே இடத்தில் முறுக்கிக்கொள்ளும். கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கி ஒடிப்போமே, அதே கணக்கு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெஷினைக் கையால் சுற்றி, முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் பாருங்கள். திருகின் முனை தேய்ந்திருந்தாலும் பிளேடு சாய்ந்துதான் உட்காரும்.

ஆத்தூரிலிருந்து: பிளேடில் மேல் எது, கீழ் எது?

பல் கீழே பார்க்க வேண்டும். விரலால் கீழிருந்து மேலே மெதுவாகத் தடவுங்கள், சுரசுரவென்று பிடித்தால் சரி. அடிப்பக்கம் சில பற்கள் மட்டும் மேலே பார்த்தால் குழம்ப வேண்டாம், அது ரிவர்ஸ் பல் பிளேடு.

ஏற்காட்டிலிருந்து: காபித் தோட்டத்தில் வெட்டிய சில்வர் ஓக் பலகை கிடைத்தது. பாதியில் பலகை துள்ளுகிறது, பிளேடு படக்கென்று போகிறது.

வெட்டி எத்தனை நாளாச்சு? ஈரமரம் அறுத்த வாயை மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். பிளேடு மேலே வரும்போது பலகையையும் தூக்கும், அப்புறம் என்ன, முறிய வேண்டியதுதான். நிழலில் அடுக்கி, இடையில் குச்சி வைத்துக் காயவிடுங்கள். உங்கள் ஊர்ப் பனியில் அவசரப்பட்டால் நடக்காது. காய்ந்து வளைந்திருந்தால், குழிந்த பக்கம் மேசையைப் பார்க்கட்டும், ஆடாது.

சூரமங்கலத்திலிருந்து: அக்ரிலிக் பிளாஸ்டிக் தகட்டை எப்படி அறுப்பது?

வேகத்தைக் குறையுங்கள், பெரிய பல் பிளேடு போடுங்கள். மேலே பேக்கிங் டேப் ஒட்டி அறுங்கள். இல்லாவிட்டால் சூட்டில் உருகி, அறுத்த இடம் பின்னாலேயே ஒட்டிக்கொள்ளும்.