காக்ளியர் சிகிச்சைக்குப் பணம் திரட்டும் முன்

கேள்வி: எங்கள் மகளுக்கு இரண்டு வயது. பெரா பரிசோதனையில் (ஒலிக்கு மூளை நரம்பு காட்டும் பதிலை அளக்கும் சோதனை) இரண்டு காதுகளிலும் கேட்கும் திறன் மிக மிகக் குறைவு என்று வந்திருக்கிறது. காக்ளியர் இம்பிளான்ட், அதாவது அறுவை சிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி, வைக்கச் சொல்கிறார்கள். தனியார் மருத்துவமனையில் ஒரு காதுக்கு 9 லட்சம் ஆகுமாம். நான் திருப்பூரில் பனியன் கம்பெனி டெய்லர். மாதம் 16,000 வரை வரும், ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். வீட்டில் ஆறு பவுன் நகை இருக்கிறது. அதை விற்றுவிட்டு, மீதியை இணையத்தில் திரட்டலாமா? வட்டிக்கு வாங்கலாமா?

பதில்: நகையை இப்போது விற்க வேண்டாம். வட்டிக்கும் போக வேண்டாம். இணையத்தில் திரட்டுவதையும் சில வாரங்கள் தள்ளி வையுங்கள். உங்கள் மகளுக்கு இந்த அறுவை சிகிச்சை ஏறக்குறைய இலவசமாகவே கிடைக்க வழி இருக்கிறது. உங்களுக்குக் கட்டாயம் பணம் தேவைப்படப்போவது அதற்குப் பிறகு வரும் வருடங்களில்தான். அதை மருத்துவமனைகள் முதல் நாளில் விளக்கமாகச் சொல்வதில்லை.

முதலில் உங்கள் கையிலேயே இருக்கும் ஈ.எஸ்.ஐ.யைப் பாருங்கள். காப்பீடு செய்த தொழிலாளியின் குழந்தைக்கும் காக்ளியர் கருவி பொருத்த அதில் இடமுண்டு. உங்கள் டிஸ்பென்சரியில் பரிந்துரைக் கடிதம் வாங்கி, கோவை சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். எத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருப்பதால், கம்பெனியில் உங்கள் சந்தா விவரத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மகளின் பெயர் ஈ.எஸ்.ஐ. அட்டையில் சேர்ந்திருக்கிறதா என்பதை இன்றே பாருங்கள். குழந்தை பிறந்த பிறகு பெயரைச் சேர்க்காமலே விட்டுவிடும் குடும்பங்கள் நிறைய.

அடுத்தது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான காக்ளியர் சிகிச்சை இதில் வருகிறது. ஆனால் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் 16,000 என்றால் வருடத்துக்கு 1,92,000, அது வரம்பைத் தாண்டுகிறது. பீஸ் ரேட்டில் வேலை செய்கிறீர்கள் என்றால் எல்லா மாதமும் ஒரே மாதிரி வந்திருக்காது. வருடம் முழுதும் உண்மையில் கைக்கு வந்ததைக் கூட்டிப் பாருங்கள். குறைத்துச் சான்று வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் மட்டும் கேட்காதீர்கள். பின்னால் சரிபார்ப்பில் அது வெளிப்பட்டால், குழந்தையின் சிகிச்சை பாதியில் நிற்கும்.

மூன்றாவது வழி மத்திய அரசின் ஏ.டி.ஐ.பி. திட்டம், அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தரும் திட்டம். ஐந்து வயதுக்குட்பட்ட, இன்னும் பேச்சு வராத குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி தருகிறார்கள். மும்பையில் உள்ள அலி யாவர் ஜங் தேசியப் பேச்சு, செவித்திறன் குறைபாடு நிறுவனம் இதை ஒருங்கிணைக்கிறது. வருமான வரம்பு முதலமைச்சர் திட்டத்தைவிட அதிகம் என்பதால் உங்கள் சம்பளத்தில் இருப்பவர்கள் தாராளமாக விண்ணப்பிக்கலாம். கருவி, அறுவை சிகிச்சை மட்டுமல்லாமல் பிறகு வரும் மேப்பிங் (கருவியின் ஒலி அளவைக் குழந்தைக்கு ஏற்பச் சரிசெய்வது), பேச்சுப் பயிற்சி ஆகியவையும் இதன் கணக்கில் வரும். காத்திருப்போர் பட்டியல் இருக்கும். அதனால் ஈ.எஸ்.ஐ. பதில் வரட்டும் என்று உட்கார்ந்திராமல் இரண்டிலும் ஒரே சமயத்தில் முயற்சி செய்யுங்கள்.

இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. பிறவியிலேயே காது கேட்காத குழந்தையின் மூளை, ஒலியைப் பழகிக்கொள்ள மிக நன்றாக ஒத்துழைப்பது ஏறக்குறைய மூன்றரை வயது வரைதான். அதற்குப் பிறகு வைத்தாலும் பயன் உண்டு, ஆனால் வருடம் தள்ளிப்போகப் போகப் பேச்சு வருவது கடினமாகும். உங்கள் கையில் இருப்பது ஒன்றரை வருடம். அதில் கொஞ்சத்தைச் சோதனைகளே எடுத்துக்கொள்ளும்: சாதாரணக் காதுக் கருவியைச் சில மாதம் போட்டுப் பார்க்க வேண்டும், சி.டி., எம்.ஆர்.ஐ. எடுத்துக் கேட்கும் நரம்பு இருக்கிறதா, உள்காது சரியான அமைப்பில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், நிமோனியா, மூளைக்காய்ச்சல் தடுப்பூசிகள் போட வேண்டும். இதையெல்லாம் இப்போதே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்கிவிடலாம். அங்கே உள்ள மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்தைக் கேளுங்கள். பிறவிச் செவிக்குறைபாடு அவர்கள் பார்க்கும் குறைபாடுகளில் ஒன்று.

இனி, பணம் எதற்கு என்று சொன்னேன் அல்லவா, அதற்கு வருகிறேன். அறுவை சிகிச்சை முடிந்து சில வாரம் கழித்துத்தான் கருவியை இயக்குவார்கள். அன்று குழந்தை பேசிவிடாது. பல வாரங்களாகவும் மாதங்களாகவும் மேப்பிங் செய்து ஒலி அளவைச் சரிசெய்ய வேண்டும். வாரா வாரம் பயிற்சிக்குப் போக வேண்டும், வீட்டில் தினமும் அம்மாவோ பாட்டியோ பேசிப் பழக்க வேண்டும். குறைந்தது இரண்டு மூன்று வருடம் இது ஓடும். உங்கள் மனைவியும் வேலைக்குப் போகிறார் என்றால் அந்தச் சம்பளம் நின்றுபோகும். பஸ் செலவு வேறு.

பிறகு கருவி. உள்ளே வைப்பது பல வருடம் உழைக்கும். காதுக்கு வெளியே மாட்டும், ஒலியை வாங்கி உள்ளே அனுப்பும் பிராசஸர் அப்படியில்லை. கேபிள் அறுந்துபோகும், தலையில் ஒட்டும் காயில் (கம்பிச்சுருள்) பழுதாகும், பேட்டரி தீரும். வியர்வையும் ஈரமும் அதற்கு ஆகாது என்பதால் இரவில் உலர்பெட்டியில் வைக்க வேண்டும். வாரண்டி முடிந்தபின் பிராசஸரே கெட்டுப்போனால் செலவு லட்சங்களில் வரும். மாற்ற முடியாமல் கருவியை அலமாரியில் வைத்துவிட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் குழந்தைகளுக்கு மறுபடியும் எதுவும் கேட்காது. இந்த வேதனை உங்கள் வீட்டுக்கு வரவே கூடாது. ஆகவே கருவியைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பு வந்தால், வாரண்டி எத்தனை வருடம், உதிரி பாகம் என்ன விலை, கோவையில் சர்வீஸ் இருக்கிறதா என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். ஆறு பவுனை நான் விற்க வேண்டாம் என்பது இதற்காகத்தான். அவசரமாகக் கொஞ்சம் பணம் வேண்டுமென்றால் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் வாங்குங்கள், நகை கையைவிட்டுப் போகாது.

திட்டங்கள் எதுவும் சரிவராவிட்டாலோ, கொஞ்சம் துண்டு விழுந்தாலோ, அப்போது பணம் திரட்டலாம். கேட்பதில் வெட்கம் வேண்டாம். முதலில் கம்பெனி முதலாளியிடம் போங்கள். பெரிய ஏற்றுமதி நிறுவனம் என்றால், லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிடக் கம்பெனிச் சட்டமே சொல்கிறது. ஊரில் ரோட்டரி, லயன்ஸ் சங்கங்கள் இருக்கின்றன. அறக்கட்டளைகள் பெரும்பாலும் மருத்துவமனைக்கே நேராகச் செலுத்தும். அவர்கள் கேட்பது மருத்துவமனை முத்திரையோடு மதிப்பீட்டுக் கடிதம், அதுவரை கிடைத்தது எவ்வளவு, மீதி எவ்வளவு என்ற கணக்கு. இந்தக் கணக்கைத் தெளிவாக ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோனால் பாதி வேலை முடிந்தது.

மிலாப், கெட்டோ, இம்பாக்ட் குரு போன்ற தளங்களுக்குப் போனால், எவ்வளவு பிடித்தம், மருத்துவமனைக்கே நேராகச் செலுத்துவார்களா என்று தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். நேராகச் செலுத்துவது நன்கொடையாளருக்கும் நம்பிக்கை, உங்களுக்கும் நல்லது. நெருங்கிய உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரே ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் உங்கள் கணக்கில் வந்தால் அது வரிக்குரிய வருமானமாகக் கருதப்படலாம். பெரிய தொகை எதிர்பார்த்தால் ஒரு ஆடிட்டரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் பரப்பும் செய்தியில் தேதி, தேவையான தொகை, மருத்துவமனையின் பெயர் இருக்கட்டும். குழந்தையின் ஆதார், வீட்டு முகவரி, அழுகிற படம் எதுவும் வேண்டாம். அந்தப் படம் அவள் பள்ளிக்கூடம் போகும் வயதிலும் எங்காவது சுற்றிக்கொண்டிருக்கும். கியூஆர் கோடு போட்டால், அதை மாற்றி வேறொருவர் வசூலிக்கவும் முடியும். அதனால் அதன் கீழே கணக்கில் உள்ள பெயரையும் எழுதி, பெயர் பொருந்தினால் மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். தொகை சேர்ந்ததும் ‘போதும், நன்றி’ என்று அதே குழுக்களில் போட்டு முடித்துவிடுங்கள்.

இந்த வாரம் ஈ.எஸ்.ஐ. அட்டையையும் பெரா அறிக்கையையும் எடுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போங்கள். அவர்கள் என்ன சொன்னாலும் எழுத்தில் வாங்கி வையுங்கள். மறுத்தால் அந்த மறுப்புக் கடிதமே அடுத்த இடத்தில் உங்களுக்கு உதவும்.