இரண்டு விடைகளும் சரியாகத் தோன்றும்போது

கேள்வி: நான் பிளஸ் டூ படிக்கிறேன். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். சட்டப் படிப்புக்கான கிளாட் நுழைவுத் தேர்வு எழுதி, திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர விரும்புகிறேன். லாஜிக்கல் ரீசனிங் பகுதிக்காகத் தடிமனான புத்தகம் ஒன்றை வாங்கி, இரத்த உறவு, திசை, இருக்கை வரிசைக் கணக்குகளை எல்லாம் போட்டு முடித்தேன். ஆனால் பழைய கேள்வித்தாள்களில் நீளமான பத்திகளே இருக்கின்றன. நான்கு விடைகளில் இரண்டு எப்போதும் சரியாகவே தோன்றுகின்றன. அடிப்படையை எங்கிருந்து தொடங்குவது? சந்தேகமான கேள்விகளை விட்டுவிடலாமா?
வாசகி ஒருவர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் உழைப்பில் குறையில்லை. அது வேறொரு தேர்வுக்கு ஏற்ற உழைப்பாக அமைந்துவிட்டது. கிளாட் தேர்வில் 2020 முதல் கேள்விகள் பத்திகளை ஒட்டியே அமைகின்றன. இப்போதைய இளநிலைத் தேர்வில் 120 நிமிடங்களில் 120 கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும். அவற்றில் 22 முதல் 26 வரை லாஜிக்கல் ரீசனிங். ஏறத்தாழ 450 சொற்கள் வரை நீளும் ஒரு பத்தியைக் கொடுத்து, அதை எழுதியவர் எதை நிறுவ முயல்கிறார், அதற்கு எதைச் சான்றாகக் காட்டுகிறார், அந்தச் சான்று அந்த முடிவைத் தாங்குமா என்பவற்றையே பெரும்பாலும் கேட்கிறார்கள். ஒரு விதியைக் கொடுத்து அதை நிகழ்வுக்குப் பொருத்தச் சொல்லும் லீகல் ரீசனிங் பகுதியின் 28 முதல் 32 கேள்விகளுக்கும் இதே திறன்தான் வேண்டும் என்பதால், இதில் செலவிடும் நேரம் கேள்வித்தாளின் கிட்டத்தட்டப் பாதிக்குப் பயன்படும்.

தொடக்கம் ஒன்றே: வாதத்தின் முடிவு எது என்று கண்டுபிடியுங்கள். அது பத்தியின் கடைசி வரியில் இருக்கும் என்று எண்ண வேண்டாம். முதல் வரியிலோ நடுவிலோ கூட இருக்கலாம். இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே ‘ஏனென்றால்’ என்று மனத்துக்குள் சேர்த்துப் படித்துப் பாருங்கள். பொருள் இயல்பாகப் பொருந்தினால், முன்னது முடிவு, பின்னது காரணம். பத்தியை ஆங்கிலத்தில் படித்துவிட்டு இந்தச் சோதனையைத் தமிழில் செய்வதில் எந்தத் தாழ்வும் இல்லை. தமிழ் வழியில் படித்தவர்கள் ஆங்கிலத்திலேயே சிந்திக்க வேண்டும் என்று வற்புறுத்திக்கொண்டு தடுமாறுவதைக் காணும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ‘நகரின் ஒரு சாலையில் சென்ற ஆண்டு கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்தப்பட்டன; அதன் பின் அங்கு விபத்துகள் குறைந்தன. ஆகவே எல்லாச் சாலைகளிலும் கேமரா பொருத்தினால் நகரில் விபத்துகள் குறையும்.’ இந்த வாதம் இரண்டு செய்திகளை வெளிப்படையாகச் சொல்லாமலே நம்பிக்கொள்கிறது: விபத்து குறைந்ததற்குக் கேமராவே காரணம் என்பது ஒன்று, மற்றச் சாலைகளும் அந்தச் சாலையைப் போன்றவையே என்பது மற்றொன்று. வாதத்தைப் பலவீனப்படுத்துவது எது என்று கேட்டால், இந்த இரண்டில் ஒன்றைத் தாக்கும் விடையைத் தேட வேண்டும். அதே ஆண்டில் புறவழிச்சாலை ஒன்று திறக்கப்பட்டு, அந்தச் சாலையின் போக்குவரத்துப் பாதியாகக் குறைந்தது என்ற விடை முதல் நம்பிக்கையை உடைக்கிறது. கேமரா பொருத்துவதற்குப் பெரும் பணம் செலவாகும் என்ற விடையும் பக்கத்திலேயே இருக்கும். நீங்கள் சொல்லும் ‘இரண்டாவது சரியான விடை’ இதுதான். அது உண்மையாக இருக்கலாம். கேமரா வேண்டாம் என்று சொல்ல நல்ல காரணமாகவும் இருக்கலாம். ஆனால் வாதத்தின் முடிவு விபத்து குறையும் என்பதே தவிர, கேமரா பொருத்துவது சிக்கனம் என்பதன்று. முடிவைத் துல்லியமாக எழுதி வைத்துக்கொண்டவருக்கு இந்த விடை தானாகவே விழுந்துவிடும்.

இப்படி வாதம் சொல்லாமலே நம்பிக்கொள்ளும் செய்திக்கு எடுகோள் என்று பெயர். எடுகோளைக் கேட்கும் கேள்விகளுக்கு மறுத்துப் பார்க்கும் முறை உதவும். ‘அந்த ஆண்டில் அச்சாலையின் போக்குவரத்து பெரிதாகக் குறைந்துவிடவில்லை’ என்பது ஒரு விடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை மறுத்து, பெரிதாகக் குறைந்தது என்று படித்தால் வாதம் ஆட்டங்காண்கிறது. ஆகவே அது வாதத்துக்குத் தேவையான எடுகோள். மறுத்த பிறகும் வாதம் அசையாமல் நின்றால் அந்த விடையை விட்டுவிடலாம்.

அடுத்தது நிபந்தனை வாக்கியங்கள். நம் தருக்க மரபில் காலங்காலமாகச் சொல்லப்படும் எடுத்துக்காட்டே இதற்குப் போதும். புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு. மலையில் புகை தெரிகிறது. ஆகவே மலையில் நெருப்பு உண்டு. நெருப்பே இல்லாத இடத்தில் புகையும் இராது என்று சொல்வதும் சரியே. ஆனால் நெருப்பு உள்ள இடத்தில் எல்லாம் புகை இருக்கும் என்று சொல்லக் கூடாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை என்று அந்த மரபினரே காட்டினார்கள். தேர்வில் மிகுதியாக வைக்கப்படும் பொறி இந்தத் திருப்பிப் போடுதல்தான். ஆங்கிலத்தில் ‘ஒன்லி இஃப்’ என்று வந்தால் கூடுதல் கவனம் தேவை. பன்னிரண்டாம் வகுப்பில் தேறினால் மட்டுமே ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேர முடியும் என்பதால், தேறியவர் அனைவருக்கும் இடம் கிடைத்துவிடும் என்று ஆகாது.

பத்தியிலிருந்து எதை ஊகிக்கலாம் என்ற கேள்வியில் அளவைக் கவனியுங்கள். பத்தி ‘சில’ என்று சொல்லியிருக்க, விடை ‘பெரும்பாலான’ என்றோ ‘எப்போதும்’ என்றோ சொன்னால் அது மிகை. உங்களுக்கு வெளியுலகில் தெரிந்த செய்தியும் இங்கே சான்றாகாது.

பயிற்சிக்கு நாள்தோறும் ஓர் ஆங்கில நாளிதழின் தலையங்கம் போதும். அதன் முடிவை ஒரே வாக்கியத்திலும், காரணங்களை அதன் கீழும், அது சொல்லாமல் நம்பிக்கொண்டவற்றைத் தனியாகவும் எழுதுங்கள். பிறகு பழைய கேள்வித்தாளில் ஒரு பத்தியை எடுத்து, தவறான விடை உங்களை ஏன் கவர்ந்தது என்பதைக் குறித்து வாருங்கள். விடைக்குறிப்பை மட்டும் பார்த்துவிட்டு நகர்வதால் பயன் மிகக் குறைவு. புதிர்க் கணக்குகளை அடியோடு நிறுத்திவிட வேண்டாம், வாரத்தில் ஓரிரு நாள் அவற்றுக்கும் ஒதுக்குங்கள். டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் தனியாக நடத்தும் ஐலெட் தேர்வையும் எழுதுவதாக இருந்தால், அதில் 150 கேள்விகளில் 70 லாஜிக்கல் ரீசனிங் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

சந்தேகமான கேள்விகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சரியான விடைக்கு ஒரு மதிப்பெண், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிவு. இரண்டு விடைகளை உறுதியாக நீக்க முடிந்த கேள்விகள் நான்கில் ஊகித்து எழுதி, பாதி சரியானால் கூட ஒன்றரை மதிப்பெண் மிஞ்சும். ஆகவே அவற்றை விடாதீர்கள். எதையுமே நீக்க முடியாத கேள்வியில் நிற்காமல் அடுத்த பத்திக்குச் செல்லுங்கள். அங்கே செலவாகும் நிமிடம், எளிதாக விடையளிக்கக்கூடிய வேறொரு கேள்விக்கு உரியது.