முடிக்காத கேமுக்கு மதிப்பெண் போடலாமா? பிஎஸ்பி ஆக்‌ஷன் கேம்களை முன்வைத்து ஒரு பதில்

சோனியின் கையடக்க கேம் கருவியான பிஎஸ்பியில் ஆக்‌ஷன் கேம்களை இறுதிவரை விளையாடி, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட்டவர்கள் யாரேனும் இருக்கிறீர்களா, இறுதிவரை போகாமலே போட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் போட்டிருக்கிறேன், அவற்றை எழுதிவைத்த நோட்டுப் புத்தகம் இன்றும் என்னிடம் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்குத்தான் சற்று நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதே கேள்வியில் கருத்து வேறுபட்டுத்தான் கேம் விமர்சனம் எழுதுவதையே நான் நிறுத்தினேன்.

நீங்கள் பழைய பிஎஸ்பி ஒன்றை வாங்கி, எதிலிருந்து தொடங்குவது என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். கைப்பேசியில் எமுலேட்டர் (பிஎஸ்பியைப் போல நடந்து அதன் கேம்களை ஓட்டும் மென்பொருள்) போட்டு விளையாடுபவராக இருந்தால் நான் சொல்வதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

2004 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த அந்தக் கருவியில் 4.3 அங்குலத் திரை, இடப்பக்கம் ஒரேயொரு அனலாக் குமிழ், அதற்கு மேலே திசைப் பட்டன்கள், வலப்பக்கம் நான்கு பட்டன்கள், மேல் விளிம்பில் எல், ஆர் என்று இரண்டு. அதே காலத்து பிளேஸ்டேஷன் 2 கன்ட்ரோலரிலோ இரண்டு அனலாக் குச்சிகளும் மேல் விளிம்பில் நான்கு பட்டன்களும் இருந்தன. டிவி முன்னால் உட்கார்ந்து ஆடிய ஆக்‌ஷன் கேமைக் கைக்குள் கொண்டுவர முயன்ற அனைவரும் முதலில் தீர்க்க வேண்டியிருந்த சிக்கல் ஒன்றுதான்: இடது கட்டைவிரல் ஆளை நடத்துகிறது, வலது கட்டைவிரல் வெட்டுகிறது, கேமராவை, அதாவது திரையில் நாம் பார்க்கும் கோணத்தை, திருப்புவது எந்த விரல்? இதற்கு ஒரு கேம் என்ன வழி கண்டது என்பதற்கு நான் பாதி மதிப்பெண் வைக்கிறேன். மீதிப் பாதி, அந்த வழி கடைசி பாஸ் (கட்டத்தின் முடிவில் வரும் பெரிய எதிரி) வரை தாக்குப்பிடித்ததா என்பதற்கு. ஆகவே முடிக்காமல் மதிப்பெண் போட என் கணக்கில் இடமே இல்லை.

காட் ஆஃப் வார் வரிசைக்கு இந்தச் சிக்கல் பிறப்பிலேயே கிடையாது. அதில் கேமரா எப்போதும் உருவாக்கியவர்களின் கையில்தான். பிளேஸ்டேஷன் 2-லேயே வலது குச்சி உருண்டு விலகுவதற்குத்தான் பயன்பட்டது. ரெடி அட் டான் நிறுவனத்தார் 2008-ல் ‘செயின்ஸ் ஆஃப் ஒலிம்பஸ்’ கேமைப் பிஎஸ்பிக்குக் கொண்டுவந்தபோது, அந்த உருளலை மட்டும் எல், ஆர் இரண்டையும் சேர்த்து அழுத்திக் குமிழைத் தள்ளுவதாக மாற்றிவிட்டார்கள். முதல் ஒரு மணி நேரம் இது எரிச்சலூட்டும். ஆனால் எல் தனியாக அழுத்தினால் தடுப்பு என்பதால், தடுத்துக்கொண்டிருக்கும்போதே ஆரையும் சேர்த்து அழுத்தி விலகிவிடும் பழக்கம் விரலுக்கு வந்துவிடுகிறது. அதன்பின் வலது குச்சி ஒன்று இருந்ததே நினைவுக்கு வருவதில்லை. பிஎஸ்பியின் பிராசஸர் 333 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடக்கூடியது என்றாலும், தொடக்க ஆண்டுகளில் கேம்களுக்கு அது 222-க்கே கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. 2007-ல் அந்தக் கட்டு தளர்ந்த பிறகு அதன் முழு வலுவையும் பயன்படுத்திய கேம் இது.

இதை இரண்டு மணி நேரம் மட்டும் விளையாடியவர் எதைப் பார்த்திருப்பார்? அட்டிகா நகரை முற்றுகையிடும் பாரசீகப் படையையும், சுவரைப் பிளந்துகொண்டு வரும் பாசிலிஸ்க் என்ற ராட்சத விலங்கையும் பார்த்துவிட்டு, தயங்காமல் 10 போட்டிருப்பார். அதற்குப் பிறகு பாஸ்கள் அருகிப்போவதும், பாதாளத்தில் ஒரே வகைக் கூட்டத்தைத் திரும்பத் திரும்ப வெட்டுவதும் அவருக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கடைசியில் கதைநாயகன் கிரேட்டோஸ் தன் மகள் கலையோபியை விலக்கித் தள்ள வேண்டிய கட்டம் தெரியாது. காலைக் கட்டிக்கொண்டு விடாத குழந்தையைத் தள்ளிவிட நீங்கள்தான் வட்டப் பட்டனை மீண்டும் மீண்டும் அழுத்த வேண்டும். அத்தனை மணி நேரம் அரக்கர்களைக் கிழிக்கப் பழகிய அதே பட்டன், அதே வேகம். நடு மணிகளின் அலுப்புக்குக் குறைத்து, இந்தக் கட்டத்துக்குக் கூட்டி, 8 போட்டேன். 2010-ல் வந்த ‘கோஸ்ட் ஆஃப் ஸ்பார்ட்டா’வில் அந்தத் தொய்வு இல்லை, அதற்கு 9.

இதற்கு நேர்மாறு ‘அசாசின்ஸ் கிரீட்: பிளட்லைன்ஸ்’, 2009. சுற்றிலும் பார்த்துக்கொண்டே கூரையேறி ஓட வேண்டிய ஒரு கேமை ஒற்றைக் குமிழில் அடைத்து, எல் பட்டனைப் பிடித்துக்கொண்டு வலப்பக்கப் பட்டன்களால் கேமராவைத் திருப்பச் சொன்னார்கள். சைப்ரஸ் தீவின் நகரங்களில் ஆள் நடமாட்டமே குறைவு. 4 போட்டேன், இன்றும் மாற்றமாட்டேன். ‘சைஃபன் ஃபில்டர்: டார்க் மிரர்’ அதே நான்கு பட்டன்களைக் குறிபார்க்க வைத்துக்கொண்டது, ஆனால் பதுங்கி நின்று நிதானமாகச் சுடும் கேம் என்பதால் அங்கே அது பொருந்திப்போனது. 7.

இங்கே என் மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். அக்காலத்தில் ஓர் இணைய இதழுக்கு (பெயர் வேண்டாம்) விமர்சனம் எழுதிவந்தேன். கேம் கைக்கு வந்த இரண்டொரு நாளில் கட்டுரை போய்ச்சேர வேண்டும். 7-க்குக் கீழே எழுதினால் உடனே தொலைபேசி வரும். பத்து எண்கள் கொண்ட அளவுகோலில் 7, 8, 9 ஆகிய மூன்றுக்குத்தான் அங்கே வேலை, மற்றவை அலங்காரத்துக்கு. நான் 4 போட்டு அனுப்பிய ஒரு கட்டுரை, உள்ளே ஒரு வரிகூட மாறாமல், மேலே 7 என்ற எண்ணோடும் என் பெயரோடும் வெளிவந்தது. கட்டுரை முழுக்கத் திட்டியிருப்பவர் ஏன் 7 போட்டார் என்று வாசகர்கள் என்னைத்தான் கேட்டார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்கு எழுதவில்லை. வேகமாக எழுதத் தெரியாதவனின் புலம்பல் என்று இதைச் சிலர் சொல்லக்கூடும், சொல்லட்டும். பாதிக் கச்சேரியில் எழுந்து போனவர் தனி ஆவர்த்தனத்தைப் பற்றி எழுதினால் நாம் சும்மா விடுவோமா?

இறுதிவரை போவதால் மதிப்பெண் ஏறும் என்றோ இறங்கும் என்றோ பொதுவாகச் சொல்ல முடியாது. ‘கிரைசிஸ் கோர்’ கேமில் 300 துணைப் பணிகள். பெரும்பாலும் ஒரே குகை, ஒரே வெளி, ஒரே சண்டை. சண்டை நடுவே தானாகச் சுழலும் சூதாட்டச் சக்கரமும் எனக்கு வெறும் இடையூறாகவே பட்டது. முடிவில் கதைநாயகன் ஸாக்கின் நினைவுகள் ஒவ்வொன்றாக அழியும்போது அந்தச் சக்கரமே உடைந்து தடுமாறுகிறதே, அப்போதுதான் அதை ஏன் அங்கே வைத்தார்கள் என்று விளங்கியது. 5 என்று நினைத்திருந்தது 7 ஆனது. ‘மெட்டல் கியர் சாலிட்: பீஸ் வாக்கர்’ கதை எனக்குத் தலைகீழ். ஜப்பானின் ஃபாமிட்சு இதழில் நான்கு விமர்சகர்கள் ஆளுக்குப் பத்து என்று போட, 2010-ல் முழு 40 வாங்கிய கேம் அது. கையடக்கக் கருவிக்கென்றே சிறுசிறு பணிகளாகக் கதையை நறுக்கியிருந்த விதமும், மூன்று வகைக் கட்டுப்பாட்டு முறைகளில் நமக்குப் பிடித்ததைத் தேர்ந்துகொள்ள விட்டதும் அருமை. ஆனால் பெயர்ப்பட்டியல் ஓடிய பிறகும் கதை முடிவதில்லை. உண்மையான முடிவைக் காண, ஸதோர்னோவ் என்ற கைதி திரும்பத் திரும்பத் தப்புவதையும் நாம் திரும்பத் திரும்பத் தேடிப் பிடிப்பதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். டாங்கிகளையும் ஹெலிகாப்டர்களையும் நண்பர்கள் துணையின்றித் தனியாக அடித்து வீழ்த்துவது கூலி வேலை. ஃபாமிட்சுக்காரர்களோடு சண்டைக்குப் போகவில்லை. என் கணக்கில் 8.

கடைசியாக, பெரும் விலங்குகளை வேட்டையாடும் ‘மான்ஸ்டர் ஹன்டர் ஃப்ரீடம் யுனைட்’. இதை ஆக்‌ஷன் கேம் பட்டியலில் சேர்க்கக்கூடாது என்பவர்களும் உண்டு, நான் சேர்க்கிறேன். திசைப் பட்டன்கள்தான் இதில் கேமரா. கட்டைவிரல் குமிழை விடாமல் இருக்க, ஆள்காட்டி விரலைக் கொக்கியாக வளைத்துக் கேமராவைத் திருப்பும் பிடி ஒன்று உலகம் முழுவதும் இதன் ரசிகர்களிடையே பரவியது. அரை மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். விலங்கின் உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கோடு கிடையாது. மருந்து குடித்துவிட்டு, எதிரே டிக்ரெக்ஸ் என்ற மூர்க்கமான விலங்கு பாய்ந்து வரும்போதும், நம் ஆள் நின்று நிதானமாகக் கைகளை முறுக்கிக் காட்டுவார். தொடக்கத்தில் போப்போ என்ற சாதுவான விலங்கின் நாக்கைக் கொண்டுவர மட்டுமே பனிமலைக்கு அனுப்புகிறார்கள். அங்கேதான் அந்த டிக்ரெக்ஸ் முன்னறிவிப்பின்றி வந்து நிற்கிறது. இரண்டு மணி நேரத்தில் எழுதியிருந்தால் நானும் 5 போட்டிருப்பேன்.

மேலே போகப்போக விளங்குவது இது: இந்த வரிசை 2004-ல் பிளேஸ்டேஷன் 2-ல் தொடங்கியபோதே கேமரா திசைப் பட்டன்களில்தான் இருந்தது, வலது குச்சியால் வாளைத்தான் வீசினார்கள். குச்சி போனதால் இழந்தது வாள்வீச்சின் ஒரு முறையை மட்டுமே, பார்வையை இல்லை. ஒவ்வொரு வீச்சும் மெதுவானது, ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் முன்னால் விலங்கு ஓர் அறிகுறி காட்டுகிறது. அந்த இடைவெளியில் எல் பட்டனை ஒருமுறை தட்டினால் கேமரா முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்கிறது. விலங்கு நொண்டத் தொடங்கினால் கடைசிக் கட்டம் என்று தெரிந்துகொள்ளலாம். ஒரு வேட்டைக்கு 50 நிமிடம், மூன்று முறை வீழ்ந்தால் தோல்வி. தாம்பரத்தில் ஏறிக் கடற்கரை நிலையம் போய்ச்சேர்வதற்குள் ஒரு வேட்டை முடிந்துவிடும். நடுவில் எழும்பூரில் கூட்டம் நெருக்கினால் பவர் பட்டனை மேலே தள்ளித் தூங்க வைத்துவிட்டுப் பிறகு தொடரலாம். கொக்கி விரல் பிடி எனக்குத் தேவைப்படாமலே போனது. முடிவே இல்லாத கேமை எப்படி முடித்தாய் என்று கேட்பீர்கள்: கிராமத்துப் பணிகளின் கடைசி வேட்டையை முடிவாக வைத்துக்கொண்டேன். 9.

எமுலேட்டர் விஷயத்துக்கு வருகிறேன். 2012-ல் தொடங்கிய பிபிஎஸ்எஸ்பிபி என்ற எமுலேட்டர் இல்லையென்றால் நம் ஊரில் பாதிப் பேருக்கு இந்தக் கேம்களின் பெயர்கூடத் தெரிந்திருக்காது. கேம்கள் பதிந்த யுஎம்டி தட்டுகளைச் சுழற்றும் மோட்டார்கள் பழுதாகி, பேட்டரிகள் உப்பிக்கொண்டிருக்கும் இந்நாளில் அதைக் குறைத்துப் பேச எனக்கு எண்ணமே இல்லை. ஆனால் கண்ணாடித் திரையைத் தேய்த்து விளையாடிவிட்டுக் கட்டுப்பாடு மோசம் என்று 5 போடுவதும், இரண்டு குச்சிக் கன்ட்ரோலரை இணைத்து, அடி வாங்குவதற்கு முன் சேவ் ஸ்டேட் போட்டுக்கொண்டு (அந்த நொடியை அப்படியே சேமித்து வைத்து, தோற்றால் அங்கிருந்தே தொடரும் வசதி), இதில் என்ன கஷ்டம் என்று மான்ஸ்டர் ஹன்டரைக் கேட்பதும் வேறொரு கேமுக்குப் போடும் மதிப்பெண்கள். அதையும் எழுதுங்கள், எந்தக் கருவியில் விளையாடினீர்கள் என்பதையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். சண்டைகளில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

தொடங்க வேண்டுமானால் ‘செயின்ஸ் ஆஃப் ஒலிம்பஸ்’ வைத்துத் தொடங்குங்கள். ஆறேழு மணி நேரத்தில் முடிந்துவிடும், அதற்குள் கருவி கைக்குப் பழகிவிடும். மான்ஸ்டர் ஹன்டரைப் பிறகு எடுங்கள். பனிமலையில் டிக்ரெக்ஸைக் கண்டால் சண்டை போடாமல் நாக்குகளை எடுத்துக்கொண்டு முகாமுக்கு ஓடிவிடுங்கள்.