டாவோஸுக்கு வரும் தம்பிக்கு

தம்பி, "பனி எப்படி உருகும் என்று கணக்கிடும் கணினி மாதிரிகளை ஓட்டித்தான் பழக்கம், பனியைத் தொட்டதே இல்லை, ஜெர்மனும் தெரியாது. சுவிட்சர்லாந்தின் டாவோஸில் பனி, நீர் ஆய்வுக் குழுவில் வேலை கிடைத்திருக்கிறது, சமாளிப்பேனா?" என்று கேட்டிருந்தீர்கள். சமாளிப்பீர்கள். நானும் அப்படி வந்தவன்தான்.

ஆய்வகத்துக்குள் ஆங்கிலம் போதும். மலையில் சுவிஸ் ஜெர்மன் காதில் விழும். ஜெர்மன் எண்களை மட்டும் வருமுன்னே பழகிவிடுங்கள். டாவோஸுக்கு மேலே வைஸ்ஃப்ளூயோக்கில், 2,536 மீட்டர் உயரத்தில், 1936 முதல் பனி அளக்கிறார்கள். பனியின் அடுக்குகளைப் பார்க்க அதில் குழி தோண்டுவோம்; என் முதல் குழி அங்கேதான். ஒருவர் குழிக்குள் நின்று அடுக்குகளின் உயரத்தைச் சொல்ல, நான் மேலே பென்சிலால் குறித்தேன். (பேனா மை உறைந்துவிடும்.) நாம் முப்பதைச் சொல்லி ஐந்தைச் சொல்வோம்; ஜெர்மனில் ஐந்து முந்திக்கொள்ளும். 35 என்று அவர் சொன்னதை 53 என்று எழுதிவிட்டேன். மாலையில் படம் வரைந்தபோது அடுக்குகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அவர் கோபப்படவில்லை. மறுநாள் முதல் "மூன்று, ஐந்து" என்று இலக்கம் இலக்கமாகச் சொன்னார். எங்கள் குழுவில் இன்றும் அப்படித்தான்.

மாதிரி ஓட்டுபவர் குழிக்கு ஏன் போக வேண்டும் என்று நினைக்காதீர்கள். புதுப் பனி ஒரு மீட்டர் உருகினால் சுமார் 10 சென்டிமீட்டர் தண்ணீர்தான். வசந்தத்தில் இறுகிக் கிடக்கும் அதே ஒரு மீட்டரில் 40 சென்டிமீட்டருக்கு மேலும் இருக்கும். அதனால்தான் ஆழத்தை அளந்ததோடு விடாமல், குழாயால் வெட்டியெடுத்து எடையும் பார்க்கிறோம். அப்புறம் வெப்பநிலை. மேலே வெயிலில் உருகினாலும், உள்ளே குளிர்ந்திருக்கும் பனி அந்த நீரை மறுபடி உறைய வைத்துவிடும். 10 சென்டிமீட்டருக்கு ஒருமுறை வெப்பமானியைச் செருகிப் பார்ப்போம். அடிவரை 0 டிகிரி காட்டினால், இனி உருகும் நீர் உறையாமல் ஆற்றுக்கு ஓடும்; கீழே ஆற்று நீரைக் கணிக்கும் நண்பர்களுக்கு உடனே சொல்வோம். இங்குள்ள லான்ட்வாஸர் ஆற்று நீர் ரைனில் சேர்ந்து நெதர்லாந்துவரை போகிறது. நம் கணக்கு தப்பினால் அவர்கள் கணக்கும் தப்பும். குழிக்குள் நின்றபோதுதான் எனக்கு இது உறைத்தது.

பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு ஒரு வருடம் பிடித்தது. நீங்கள் அவ்வளவு தாமதிக்க வேண்டாம். பனிச்சரிவு ஆபத்துள்ள சரிவில் ஒருவருக்குச் சந்தேகம் வந்தாலும் எல்லோரும் திரும்பிவிடுவோம். அந்த ஒருவர் மாணவராக இருந்தாலும் சரி. பயமாக இருந்தால் வாய் திறந்து சொல்லுங்கள். முந்தின நாள் மாலை 5 மணிக்கு வரும் பனிச்சரிவு அறிக்கையைப் படித்துவிடுங்கள். பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் தேடுகருவி, மண்வெட்டி, பனிக்குள் குத்தித் தேடும் துழாவுகோல் மூன்றும் இல்லாமல், பயிற்சி எடுக்காமல், தனியாக எங்கும் போகாதீர்கள்.

கையுறை இரண்டு சோடி வாங்குங்கள். தடித்தது தோண்ட, மெல்லியது எழுத. முதல் சில மாதம் எழுதும் வேலைதான் உங்களுக்கு வரும்.