பழைய ரவுட்டரை எடைக்குப் போடுமுன்

கேள்வி: கீழக்கரையில் இருக்கிறோம். கணவர் ஷார்ஜாவில். வாசல் கேமராவை அங்கிருந்தே செல்போனில் பார்த்துக்கொள்வார். போன மாதம் வேறு ஃபைபர் இணைப்புக்கு மாறினோம். பழைய ரவுட்டர் இரண்டு கிடக்கின்றன. ஒன்று ஓடுகிறது, இன்னொன்று உப்புக் காற்றில் செத்துப்போனது. தெருவில் பழைய சாமான் எடுக்க வருபவரிடம் போட்டுவிடலாமா? உள்ளே எங்கள் விவரம் ஏதாவது இருக்குமா?

பதில்: இருக்கும். அதனால் அப்படியே போட்டுவிடாதீர்கள்.

முதலில் அது உங்களுடையதுதானா என்று பாருங்கள். இணைப்பு கொடுத்தவர்கள் வாடகைக்கோ இலவசமாகவோ வைத்துவிட்டுப் போன பெட்டி என்றால் பெரும்பாலும் திருப்பிக் கேட்பார்கள். அப்படிக் கொடுத்தால் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அழிக்கும் வேலையை அவர்கள் பார்ப்பார்கள் என்று விடாமல், கொடுக்குமுன் நீங்களே அழித்துவிடுவது நல்லது.

நீங்கள் பார்த்த வலைத்தளங்களும் அனுப்பிய படங்களும் பெட்டிக்குள் சேர்ந்து கிடக்கும் என்று பலர் பயப்படுகிறார்கள். வீட்டு ரவுட்டரில் அந்த அளவுக்கு இடமே கிடையாது. கிடப்பது வேறு: வைஃபை பெயர், பாஸ்வேர்டு, இணைப்புக்கான யூசர்நேம், நீங்கள் செய்துவைத்த அமைப்புகள். ஒருமுறை அடாப்டருக்காக எடைக்கடையில் ஒரு பழைய ரவுட்டர் வாங்கினேன். செருகிப் பார்த்தால், உள்ளே நுழையும் பாஸ்வேர்டு கம்பெனி கொடுத்த அதே 'அட்மின்'. பிள்ளைகளுக்கான நேரக் கட்டுப்பாடு என்ற பக்கத்தில் ஒரு பெண் குழந்தையின் பெயரில் செல்போன், இரவு 9.30க்கு இணையம் நிற்க வேண்டும் என்று பதிவாகியிருந்தது. முன்பின் தெரியாத ஒரு வீட்டில் பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்கப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றே அழித்துவிட்டேன்.

உங்கள் வீட்டில் கேமராவும் இருக்கிறதே, அதைக் கொஞ்சம் கவனியுங்கள். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து செயலியில் பார்க்கும் வகை என்றால் ரவுட்டரில் பெரிதாக ஒன்றும் இருக்காது. கேமரா காட்சிகளைப் பதிவுசெய்யும் பழைய டிவிஆர் பெட்டி என்றால், வெளிநாட்டிலிருந்து பார்ப்பதற்காகப் பொருத்தியவர் ரவுட்டரிலேயே வழி திறந்து, ஒரு கணக்கின் பெயரும் பாஸ்வேர்டும் போட்டு வைத்திருக்கலாம். எந்த வகையாக இருந்தாலும் கேமரா பாஸ்வேர்டை இப்போதே மாற்றிவிடுங்கள்.

ஓடுகிற ரவுட்டரை அழிப்பது சுலபம். மின்சாரத்தில் செருகி இரண்டு நிமிடம் விடுங்கள். பின்பக்கம் 'ரீசெட்' என்ற சிறு துளை இருக்கும். சிம் எடுக்கும் ஊசியையோ ஊக்கையோ விட்டு, 10 முதல் 15 வினாடி அழுத்திப் பிடியுங்கள்; விளக்குகள் அணைந்து மறுபடி எரியும். சில பெட்டிகளில் டபிள்யூபிஎஸ்ஸுக்கும் (பாஸ்வேர்டு அடிக்காமலே வைஃபையில் இணைக்கும் வசதி) ரீசெட்டுக்கும் ஒரே பொத்தான்தான், சட்டென்று அழுத்திவிட்டால் அழியாது. ஆஃப் செய்து ஆன் செய்வதும் ரீசெட் ஆகாது. நம்மூர்க் காற்றில் அந்தப் பொத்தான் உப்பேறி இறுகிப்போவதும் உண்டு. அப்படியானால் அந்த வைஃபையில் இணைந்து, பிரவுசரில் 192.168.1.1 என்றோ 192.168.0.1 என்றோ போட்டு உள்ளே போய், 'ஃபேக்டரி ரீசெட்' கொடுங்கள். சரியான முகவரி அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும். பிறகு செல்போனில் பாருங்கள்: நீங்கள் வைத்த வைஃபை பெயர் போய், ஸ்டிக்கரில் உள்ள பெயர் வந்திருந்தால் அழிந்துவிட்டது.

செத்த ரவுட்டர்தான் ஏமாற்றும். மின்சாரம் இல்லாவிட்டாலும் உள்ளே உள்ள சிப் எதையும் மறக்காது. அதோடு, செத்தது ரவுட்டர்தானா என்பதே சந்தேகம். கடலோரத்தில் பல சமயம் முதலில் போவது அடாப்டர், அல்லது பச்சை பூத்துப்போன அதன் முனை. அதே வோல்ட், அதே முனை, ஆம்பியர் குறையாத வேறொரு அடாப்டர் போட்டுப் பாருங்கள். எழுந்துவிட்டால் மேலே சொன்னபடி ரீசெட் செய்துவிடலாம். நீங்கள் செய்யாவிட்டால், வாங்கிக்கொண்டு போகிறவர் அப்படி ஒரு அடாப்டரைப் போட்டு எழுப்புவார்.

எழவே இல்லையா? மின்சாரத்திலிருந்து எடுத்துவிட்டு மூடியைத் திறங்கள். திருகுகள் ரப்பர் காலுக்கோ ஸ்டிக்கருக்கோ அடியில் ஒளிந்திருக்கும். பல வீட்டு ரவுட்டர்களில் நினைவகம் என்பது எட்டுக் கால் உள்ள, அரிசியைவிடச் சற்றுப் பெரிய கறுப்புச் சிப். சிலவற்றில் பெரிதாகவும் இருக்கும். எது என்று தெரியாவிட்டால் போர்டில் உள்ள கறுப்புச் சிப் எல்லாவற்றையும் குறட்டால் நெரித்துவிடுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். கடற்கரையில் போட்டுக் கொளுத்துவது மட்டும் வேண்டாம், அந்தப் புகை விஷம்.

இவ்வளவும் செய்துவிட்டுப் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. டிவி, போன் எல்லாவற்றையும் மறுபடி இணைக்கச் சோம்பல்பட்டு, புது ரவுட்டருக்கும் பழைய பெயரையும் பாஸ்வேர்டையுமே வைத்துவிடுவார்கள். நீங்களும் அப்படி வைத்திருந்தால் இன்றே மாற்றுங்கள். பூட்டை மாற்றிவிட்டால் பழைய சாவி யார் கையில் இருந்தால் என்ன? என்னைக் கேட்டால், குறட்டைத் தேடுவதற்கு முன் இதைச் செய்வேன்.

அடிப்பக்க ஸ்டிக்கரைச் சுரண்டி எடுங்கள். டெக்னீசியன் மார்க்கர் பேனாவில் எழுதிவிட்டுப் போன கஸ்டமர் எண்ணையும் பாஸ்வேர்டையும் சானிடைசர் தொட்டுத் துடையுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளின்படி பழைய ரவுட்டர்கள் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் போக வேண்டியவை. தயாரித்த கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணில் கேட்டால் எங்கே கொடுப்பது என்று சொல்வார்கள்.

ஓடுகிற ரவுட்டரின் அடாப்டரை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். புது ரவுட்டருக்கும் அதே வோல்ட், அதே முனை, போதுமான ஆம்பியர் என்றால் துணியில் சுற்றி டப்பாவில் போட்டு வையுங்கள். இந்தக் காற்றுக்கு அடுத்த வருடமே தேவைப்படும்.