திமிருக்கு ஒரு ஸ்டூடியோ

அன்புள்ள ஐயா,

நடிகை சாவித்திரி பற்றி நீங்கள் எழுதியதை என் மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். அத்தை சுங்கை பட்டாணி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தோட்டத்துத் திடலில் வெள்ளைத்துணி கட்டிக் காட்டிய படங்களைப் பார்த்தே வயதுக்கு வந்தவர். கேட்டுக் கண் கலங்கினார். அடுத்து நடிகை பானுமதியைப் பற்றி எழுதச் சொல்லட்டுமா என்றேன். "அவளுக்கென்ன, திமிர் பிடிச்சவ. எம்ஜியாரையே மதிக்காம பாதிப் படத்துல போனவ" என்றார். இது உண்மையா? சாவித்திரியின் வாழ்க்கையைப் படமாக எடுத்தவர்கள் பானுமதியின் வாழ்க்கையை ஏன் எடுக்கவில்லை?

இன்னொன்றும் உண்டு. என் மகள் கோலாலம்பூரில் தொலைக்காட்சி நாடகங்களில் நடிக்கிறாள். போன நாடகத்துக்குப் பேசிய பணம் இன்னும் வரவில்லை. இரண்டு தடவை கேட்டதற்கே "திமிர்" என்று பேச்சு வந்துவிட்டது. அத்தை வாயில் அதே சொல்லைக் கேட்டதும் எனக்கு என்னவோ போலிருந்தது. அதனால்தான் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி, பட்டர்வொர்த்

*

அன்புள்ள சகோதரி,

அத்தை சொன்ன நிகழ்ச்சி உண்மைதான். நாடோடி மன்னன் 1958-இல் வந்தது. எம்.ஜி.ஆர். தானே தயாரித்து, தானே இயக்கிய படம். சொத்தையெல்லாம் அதில் போட்டிருந்தார். படப்பிடிப்பில் இருவருக்கும் ஒத்துவராமல் போகவே பானுமதி விலகிக்கொண்டார். கதையில் அவருடைய பாத்திரத்தைச் சாகடித்துவிட்டு, பின்பாதிக்குச் சரோஜாதேவியைக் கொண்டுவந்தார்கள். சரோஜாதேவி வந்த பிறகு படம் கலருக்கு மாறிவிடும். திடலில் உட்கார்ந்து பார்த்த ஒரு சிறுமிக்கு, கறுப்பு வெள்ளையோடு சேர்த்துப் பானுமதியையும் கழற்றிவிட்டதாகத் தோன்றியிருந்தால் அதில் வியப்பில்லை.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை அத்தை சொல்லாமல் விட்டுவிட்டார். 1963-இல் மட்டும் கலை அரசி, காஞ்சித் தலைவன் என்று இருவரும் சேர்ந்து இரண்டு படங்களில் நடித்தார்கள். எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்த காலத்தில்தான் பானுமதி தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரிக்கு முதல்வரானார். சண்டை போட்ட இருவருமே அதை மறந்துவிட்டார்கள். மறக்காதவர்கள் ரசிகர்கள்தான். சம்பந்தப்பட்டவர்களைவிட நாம் அதிகக் காலம் கோபமாக இருப்பது நமக்குப் பழக்கமாயிற்றே.

இதே மாதிரி இன்னொன்று. விஜயா நிறுவனத்தின் மிஸ்ஸியம்மா (தெலுங்கில் மிஸ்ஸம்மா, 1955) படத்துக்கு முதலில் கதாநாயகி பானுமதிதான். சில ரீல்கள் எடுத்தும் ஆயிற்று. வரலட்சுமி விரதத்தன்று பூஜையை முடித்துவிட்டுத் தாமதமாகப் படப்பிடிப்புக்கு வந்தார், தயாரிப்பாளர் சக்ரபாணி மன்னிப்புக் கடிதம் கேட்டார், இவர் மறுத்தார் என்று சொல்வார்கள். எடுத்த ரீல்களைச் சக்ரபாணி கொளுத்திப் போட்டார் என்பது கோடம்பாக்கத்தில் இன்றும் உலவும் கதை. இதில் நான் முழுக்கப் பானுமதி பக்கம் இல்லை. ஒரு ஃப்ளோர் முழுக்க ஆட்கள் காத்திருந்தால் அது யாரோ ஒருவருடைய பணம். ஆனால் கடிதம் எழுதிக் கொடு என்பது பணத்துக்காகக் கேட்டது இல்லை. பணிய வைக்கக் கேட்டது.

அவர் விட்டுப் போன இடத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். இரண்டாவது நாயகியாக இருக்க வேண்டிய சாவித்திரி முதல் நாயகி ஆனார். அந்தப் படம்தான் சாவித்திரியைத் தூக்கிவிட்டது. சாவித்திரிக்குப் பாட பி.லீலா வந்தார். 'வாராயோ வெண்ணிலாவே' லீலாவின் குரல்தானே. ஆக, பானுமதி ஒருத்தி விட்டுப் போன இடத்தை நிரப்ப இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஐம்பதுகளில் பெரும்பாலான நாயகிகளின் பாட்டு ஜிக்கியின், லீலாவின், சுசீலாவின் குரலில் வந்தது. முகம் ஒருவருக்கு, குரல் ஒருவருக்கு. முகத்தை மாற்றினாலும் குரல் இருக்கும், குரலை மாற்றினாலும் முகம் இருக்கும். தயாரிப்பாளருக்கு இது மிகவும் வசதி. பானுமதியிடம் அந்த வசதி கிடையாது. அவருக்கு இன்னொருவர் பாடுவதை அவரும் ஏற்கமாட்டார், ஜனங்களும் ஏற்கமாட்டார்கள். அலிபாபாவும் நாற்பது திருடர்களும் படத்து 'அழகான பொண்ணுதான்', அம்பிகாபதியில் 'கண்ணிலே இருப்பதென்ன', அத்தைக்குப் பிடிக்காத அதே நாடோடி மன்னனில் 'சம்மதமா' என்று எதை எடுத்தாலும் அந்த மூக்கும் தொண்டையும் கலந்த குரலைப் பிரித்தெடுக்க முடியாது. மின்னல் எஃப்.எம்.மில் பழைய பாட்டு போகும்போது முதல் வரியிலேயே ஆள் யார் என்று தெரிந்துவிடுகிறதே, அதற்கு அன்றைக்குச் சந்தையில் ஒரு விலை இருந்தது.

இரண்டாவது காரணம் ஸ்டூடியோ. கிருஷ்ண பிரேமா என்ற படத்தில் உதவி இயக்குநராக இருந்த பி.எஸ்.ராமகிருஷ்ண ராவை 1943-இல் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டார். அப்போது பானுமதிக்கு 18 வயதுகூட நிரம்பவில்லை. சினிமாவே வேண்டாம், குடும்பம் போதும் என்று ஒதுங்கப் பார்த்தவரை பி.என்.ரெட்டி ஸ்வர்க்க சீமா (1945) படத்துக்கு இழுத்து வந்தார். அதில் கிடைத்த பெயரை வைத்துக்கொண்டு மற்றவர்கள் நகை வாங்கியிருப்பார்கள். இவர்கள் மகன் பரணியின் பெயரில் ஒரு படக் கம்பெனி தொடங்கினார்கள். முதலில் ரத்னமாலா, 1949-இல் லைலா மஜ்னு, அப்புறம் விப்ரநாராயணா. சென்னையில் அதே பெயரில் ஒரு ஸ்டூடியோவும் எழுந்தது. 1953-இல் சண்டிராணியைத் தமிழ், தெலுங்கு, ஹிந்தி மூன்றிலும் எடுத்தார்கள். அதில் பானுமதி நடித்தார், பாடினார், இயக்கமும் அவரே. (அவர்தான் தமிழின் முதல் பெண் இயக்குநர் என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்பாதீர்கள். டி.பி.ராஜலட்சுமி 1936-இலேயே மிஸ் கமலாவை இயக்கிவிட்டார்.)

நாடோடி மன்னனை விட்டு வெளியே வந்த பெண் தெருவுக்கு வரவில்லை. தன் சொந்த ஸ்டூடியோ வாசலில் போய் இறங்கினார். இதே காரியத்தை மாதச் சம்பளத்துக்கு இருந்த ஒரு நடிகை செய்திருந்தால் அடுத்த வருஷம் அவர் பெயரே யாருக்கும் நினைவிருக்காது. திமிர் என்று நாம் சொல்வதில் குணம் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் நிலப்பத்திரம். டி.ஆர்.ராஜகுமாரியும் இதைத் தெரிந்துகொண்டவர். தியாகராய நகரில் சொந்தப் பெயரில் தியேட்டர் வைத்திருந்தார், தம்பி ராமண்ணாவோடு படக் கம்பெனி நடத்தினார். சாவித்திரியும் படம் எடுத்தார், இயக்கினார். ஆனால் போட்ட பணம் திரும்பவில்லை. பானுமதிக்கு வீட்டிலேயே கணக்குத் தெரிந்த ஒரு கூட்டாளி இருந்தார். சாவித்திரிக்கு அது வாய்க்கவில்லை. திறமையில் இருவருக்கும் தராசு பிடிக்க நான் வரவில்லை.

பானுமதிக்கு இருந்த திமிர்க்காரி என்ற பெயரையே சினிமாக்காரர்கள் காசாக்கினார்கள். 1963-இல் வந்த அறிவாளியில் அடங்காத மனைவியைச் சிவாஜி வழிக்குக் கொண்டுவருகிறார். மனைவி யார்? பானுமதி. வேறு யாரைப் போட்டிருந்தாலும் அடக்குவதற்கு என்ன இருக்கிறது என்று ஜனம் கேட்டிருக்கும். எனக்கு அந்தக் கதையில் உடன்பாடில்லை. ஆனாலும் சிவாஜியை அவர் ஏற இறங்கப் பார்க்கும் பார்வைக்காகவே இன்னொரு முறை பார்ப்பேன். தங்கவேலுவும் முத்துலட்சுமியும் பூரி சுடும் "அதான் எனக்குத் தெரியுமே" காட்சியும் அந்தப் படத்தில்தான் இருக்கிறது.

ஏன் படம் எடுக்கவில்லை என்று கேட்டீர்கள். 2018-இல் சாவித்திரியின் கதை படமாக வந்தபோது இங்கே மஸ்ஜித் இந்தியா பக்கம் பேச்செல்லாம் அதுதான். பார்த்தவர்கள் அழுதார்கள், நானும் அழுதேன். ஆனால் கவனித்தீர்களா, நடிகையின் வாழ்க்கை என்றாலே நமக்கு ஒரு வீழ்ச்சி வேண்டியிருக்கிறது. புகழ், காதல், ஏமாற்றம், குடி, கடைசியில் படுக்கை. அழுதுவிட்டு வீட்டுக்குப் போனால் நம் கடன் தீர்ந்தது. பானுமதியின் வாழ்க்கையில் அப்படி அழ இடமில்லை. 1925-இல் ஓங்கோல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தார். அப்பா சங்கீதம் சொல்லிக்கொடுத்தார். 13 வயதில் வரவிக்ரயம் (1939) படத்தில், கிழவனைக் கட்ட மனமில்லாமல் உயிரை விடும் பெண்ணாக நடித்தார். அப்புறம் காதல் கல்யாணம், கம்பெனி, ஸ்டூடியோ, பத்மஸ்ரீ, பத்மபூஷண். 1992-இல்கூட செம்பருத்தியில் பாட்டியாக வந்து பிரசாந்தையும் ரோஜாவையும் தாண்டி நம்மைத் தன்னைப் பார்க்க வைத்தார். 2005 டிசம்பரில் சென்னையில் இறந்தபோது வயது 80. தயாரிப்பாளர் இதைக் கேட்டால் "இடைவேளை எங்கே வைப்பது?" என்பார்.

அது மட்டுமில்லை. தன் கதையைத் தானே எழுதிவிட்டார். 'நாலோ நேனு' என்ற அந்தத் தெலுங்குச் சுயசரிதைக்குச் சினிமா பற்றிய சிறந்த நூலுக்கான தேசிய விருது கிடைத்தது. உங்கள் வீட்டுக்குப் பொருத்தமான சமாச்சாரம் இன்னொன்று: அவர் எழுதியவற்றிலேயே அதிகம் பேசப்பட்டது 'அத்தகாரி கதலு', மாமியார் கதைகள். முழுக்க நகைச்சுவை. மாமியாரைத் திட்டாமல் ஒரு மருமகள் அவ்வளவு சிரிக்கவைக்க முடியுமா என்று வியந்தவர்கள் உண்டு. அத்தையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இனி உங்கள் மகள். "பானுமதி மாதிரி இரு" என்று அவளிடம் நான் சொல்லமாட்டேன். ஸ்டூடியோ இல்லாதவளிடம் அப்படிச் சொல்வது அநியாயம். பேசிய பணத்தைக் கேட்பது திமிரே இல்லை, வசூல். நம் ஊர் நாடக உலகம் சின்னது. ஒரு கம்பெனி சொன்னது சாயங்காலத்துக்குள் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடைவரை வந்துவிடும், அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. அதனால் வாயால் கேட்பதை நிறுத்தச் சொல்லுங்கள். எத்தனை நாள் நடித்தாள், என்ன தொகை பேசினார்கள், யார் பேசினார்கள் என்று எழுதி மின்னஞ்சலில் அனுப்பட்டும். வாட்ஸ்அப் உரையாடல்களை அழிக்க வேண்டாம். சின்னத் தொகைகளுக்கு வக்கீல் இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்குப் போட வழி இருக்கிறது. பெரும்பாலும் அந்தப் பாரத்தை வாங்கி வந்துவிட்டோம் என்று தெரிந்தாலே பணம் வரும். அடுத்த நாடகத்துக்குக் கையெழுத்தில்லாமல் ஒரு நாள்கூட செட்டுக்குப் போகக் கூடாது.

அப்புறம் ஒரு யோசனை. மகளுக்குக் குரல் நன்றாக இருக்குமானால் பின்னணிக் குரல், விளம்பரம், வானொலி நாடகம் என்று அந்தப் பக்கமும் கொஞ்சம் கால் வைக்கட்டும். எழுத வருமானால் எழுதட்டும். ஒரே கம்பெனியின் ஒரே வேலையை நம்பி நிற்கிற வரைக்கும் எந்தக் கேள்வியும் திமிராகத்தான் கேட்கும்.

அத்தையோடு உட்கார்ந்து பார்க்கப் படம் வேண்டுமென்றால் முதலில் அன்னை (1962). 'பூவாகிக் காயாகி' பாட்டுக்கு அத்தை மறுபடி கண் கலங்குவார், அந்த அளவுக்கு நான் உத்தரவாதம். அடுத்த நாள் ரங்கோன் ராதா (1956), அண்ணாவின் நாவல். புருஷன் பைத்தியக்காரப் பட்டம் கட்டிய ஒருத்தி கடல் தாண்டிப் போகிற கதை. கடல் தாண்டி வந்தவர்களின் பிள்ளைகளான நமக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும். ஒன்று மட்டும்: அத்தை சிவாஜி ரசிகையாக இருந்தால் முன்கூட்டியே எச்சரித்துவிடுங்கள். அந்தப் படத்தில் அவர் சரியான அயோக்கியன்.

அன்புடன்,
கோலாலம்பூரிலிருந்து