அப்பாவின் சன்னியை விற்கலாமா?

கேள்வி: பாடசாலை ஆசிரியை நான். அப்பா 1997இல் வாங்கிய நிசான் சன்னி எஃப்பி14 இன்னும் எங்களிடம் இருக்கிறது. அப்பா காலமாகி ஆறு வருடமாகிறது. இப்போது இஞ்சின் சூடேறுகிறது, ஏசி குளிர்வதில்லை, குழியில் இறங்கினால் முன்பக்கம் டக் டக் என்று சத்தம், பிரேக் பிடித்தால் இடப்பக்கம் இழுக்கிறது. இஞ்சினை இறக்கிப் பார்க்க வேண்டும், எல்லாமாக 2 இலட்சத்து 80 ஆயிரம் வரும் என்கிறார் கராஜ்காரர். காரை 27 இலட்சத்துக்கு ஒருவர் கேட்கிறார். அதோடு சேமிப்பில் இருந்து 8 இலட்சம் போட்டு, மிச்சம் 35 இலட்சத்துக்கு லீசிங் எடுத்து 70 இலட்சத்தில் ஒரு வாகனம் வாங்கலாம் என்கிறார் கணவர். மாதம் 80,000 ரூபாய், ஐந்து வருடம். எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் ஓடுவது பாடசாலை, கடை, கோயில், வருடத்துக்கு ஒரு தடவை யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழா. என்ன செய்யட்டும்?
வாசகி, கொழும்பு 6

பதில்: 2 இலட்சத்து 80 ஆயிரம் என்றதும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஆனால் அது நீங்கள் சொல்லும் தவணையில் மூன்றரை மாதக் காசு. 60 மாதம் கட்டி முடிக்கும்போது 48 இலட்சம் கொடுத்திருப்பீர்கள். கடனாக வாங்கியது 35. வட்டியாகப் போகும் அந்த 13 இலட்சத்தில் இதே திருத்த வேலையை நாலு தடவை செய்துவிட்டு மிச்சமும் பிடிக்கலாம். லீசிங் என்றால் முழுக் காப்புறுதியும் கேட்பார்கள். 70 இலட்சம் பெறுமதிக்கு அது வருடா வருடம் தனிச் செலவு. உங்கள் கணவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருப்பார். அவர் சொல்வதில் வேறொரு நியாயம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன் என் கதை. என்னிடம் ஒரு பழைய கொரோலா இருந்தது. இனி இதோடு மினக்கெட முடியாது, கொஞ்சம் புதிதாக ஒன்று எடுப்போம் என்று 2020 ஜனவரியில் விற்றேன். மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். கொஞ்ச நாளில் திறந்துவிடுவார்கள் என்று காசை வங்கியில் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். ஒரு வருடம் போவதற்குள், நான் விற்ற காசுக்கு நான் விற்ற காரைக்கூடத் திரும்ப வாங்க முடியாமல் போயிற்று. சொந்தப் பாவனைக்கான கார்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். ஐந்து வருடம் முச்சக்கர வண்டியிலேயே போய் வந்தேன். (2022இல் ஊரே பங்கீட்டுக் கியூஆர் குறியோடு பெற்றோல் வரிசையில் நின்றபோது மட்டும் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.)

அதனால் நான் சூடு கண்ட பூனை என்பதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். 28 வருடம் ஓடிய காருக்கு 27 இலட்சம் தர ஒருவர் வருகிறார் என்றால் அதற்குக் காரணம் கார் மட்டுமில்லை; இறக்குமதி வரியும் டொலர் விலையும்தான். நமக்குக் கார் என்பது ஓடுகிற நிலையான வைப்பு. வரவு செலவுத் திட்டம் வரும் மாதங்களில் விலைகள் எப்படி ஆடுகின்றன என்று பார்த்திருப்பீர்கள். அந்த ஆட்டத்தில் கையில் உள்ளதை முதலில் விற்றுவிட்டு பிறகு தேடக்கூடாது. விற்பதானாலும், வாங்குவது உறுதியான பிறகுதான்.

இப்போது காருக்கு வருவோம். கராஜ்காரர் இஞ்சினைப் பற்றிப் பேசுகிறார். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இஞ்சினைப் பற்றி அவ்வளவு யோசிக்க மாட்டேன். இஞ்சின், கியர்பெட்டி, ரேடியேற்றர், எல்லாவற்றுக்கும் மாற்று உண்டு. மாற்று இல்லாதது காரின் உடம்புக்குத்தான். கொழும்பு 6 என்றால் உங்கள் கார் கடலோரத்து வெள்ளவத்தையில் நிற்கிறது. மரீன் டிரைவ் பக்கத்து உப்புக் காற்று யன்னல் கம்பியை என்ன செய்கிறது என்று உங்களுக்குத் தெரியும். காரின் அடிப்பாகத்தையும் அதுவேதான் செய்யும். முதல் வேலையாக ஒரு சேர்விஸ் நிலையத்தில் காரை உயர்த்தி வைத்து, தகடு ஒட்டும் ஒரு டிங்கர் வேலைக்காரரோடு கீழே நின்று பாருங்கள். கதவுக்கு அடியில் ஓடும் பட்டி, முன் ஷொக் அப்சோபர் மேலே பொருந்தும் இடம், டிக்கிக்குள் ஸ்பெயார் சில்லு கிடக்கும் குழி, உள்ளே தரைவிரிப்புக்குக் கீழே. ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். மேலாகக் கறள் என்றால் சுரண்டி, பூசிக் காப்பாற்றலாம். முனை உள்ளே இறங்கினால், அதுவும் ஷொக் பொருந்தும் இடத்திலோ சட்டத்திலோ இறங்கினால், கணவர் சொல்வதைக் கேளுங்கள். அந்த உடம்புக்குள் போடும் இஞ்சின் காசு கடலில் போட்ட காசு.

உடம்பு நல்லது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் வரிசை முக்கியம். பிரேக் இழுப்பதும் முன்பக்கச் சத்தமும் இந்தக் கிழமையே பார்க்க வேண்டியவை. ஒரு பக்கம் இழுத்தால் பெரும்பாலும் ஒரு சில்லின் கலிப்பர், அதாவது பிரேக் கட்டையை அழுத்தும் பாகம், இறுகியிருக்கும், அல்லது மற்றப் பக்கம் சரியாகப் பிடிக்கவில்லை. குழியில் வரும் டக் டக் வெறும் ரப்பர் புஷ்ஷாகவும் இருக்கலாம், சில்லைத் தாங்கும் மூட்டான போல் ஜொயின்ராகவும் இருக்கலாம். போல் ஜொயின்ர் கழன்றால் சில்லு மடிந்து கார் அந்த இடத்திலேயே குந்திவிடும். காலி வீதியில் பின்னால் பஸ் வரும்போது அது நடக்கக் கூடாது. இவை இரண்டும் முடியும்வரை பிள்ளைகளை ஏற்ற வேண்டாம்.

சூடேறும் விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம். எப்போது சூடேறுகிறது என்று நீங்கள் எழுதவில்லை. சிக்னலில் நிற்கும்போது ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்குகிறதா? ஏசியும் நிற்கும்போதுதான் குளிராமல் போகிறதா? அப்படியானால் இரண்டு நோய்க்கும் காரணம் ஒரே ரேடியேற்றர் விசிறியாக இருக்கலாம். மோட்டரோ ரிலேயோ போயிருக்கும். அதற்கு யாரும் இஞ்சினை இறக்கத் தேவையில்லை. ஓடும்போதும் சூடேறினால் ரேடியேற்றர் அடைத்திருக்கிறதா, இஞ்சின் சூட்டைப் பார்த்துத் தண்ணீரைத் திறந்துவிடும் தேர்மோஸ்ரற் வேலை செய்கிறதா என்று பாருங்கள். "இந்த நாட்டு வெயிலுக்கு அது தேவையில்லை" என்று தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிந்த கராஜ் பாஸ்மார் நிறையப் பேர். அது இல்லாத இஞ்சின் உரிய சூட்டுக்கு வர நேரமெடுக்கும், பெற்றோலையும் கூடக் குடிக்கும். ரேடியேற்றருக்குள் குழாய்த் தண்ணீர்தான் ஊற்றி வருகிறீர்கள் என்றால் அதையும் நிறுத்தி கூலன்ற் போடுங்கள்; வெறும் தண்ணீர் உள்ளே கறளை வளர்க்கும்.

இஞ்சினை இறக்கத்தான் வேண்டும் என்று கராஜ்காரர் நின்றால், கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம், பார்த்து நாலு சிலிண்டருக்கும் அளவை எழுதித் தரச் சொல்லுங்கள். ஒயில் மூடியைத் திறந்து பாருங்கள். ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, இஞ்சின் தலைக்குக் கீழே இருக்கும் ஹெட் கஸ்கற் போயிருக்கலாம், அவர் சொல்வது சரி. இல்லையென்றால் இன்னொரு கராஜில் கேளுங்கள். உங்கள் சன்னியின் இஞ்சினில் வால்வுகளை நேரத்துக்கு இயக்குவது டைமிங் சங்கிலி, பெல்ட் அல்ல. யாராவது பட்டியலில் டைமிங் பெல்ட் மாற்ற வேண்டும் என்று எழுதினால் அந்தப் பட்டியலை முழுக்கச் சந்தேகப்படுங்கள்.

சாமான் வாங்க, வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு நீங்களும் போங்கள். கழற்றிய பழைய சாமானைக் கையில் கொண்டுபோனால் தவறான அளவு கிடைக்காது, விலை கேட்கும்போதும் தெரிந்த ஆளாக நினைப்பார்கள். கண்ணாடி, விளக்கு, கதவுப் பூட்டு, ஏன் கியர்பெட்டிகூட ரீகண்டிஷனில், அதாவது பாவித்த சாமானாக, எடுக்கலாம். பிரேக் சாமானும் ரப்பர் சாமானும் மட்டும் பழையது வேண்டாம். ரப்பர் ஓடாமல் சும்மா கிடந்தாலும் கிழடாகும். ரயரும் அப்படித்தான், பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு கிழமை, பின் இரண்டு வருடம். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை. பூ தேயாவிட்டாலும் அந்த ரயரோடு யாழ்ப்பாணம் போகாதீர்கள்.

யாழ்ப்பாணம் என்றதும் கணவரின் நியாயத்துக்கு வரலாம். அவருக்குப் பயம், நடுவழியில் நின்றுவிடும் என்று. சரிதானே? 400 கிலோமீற்றர் பயணத்தில் இரவு நேரத்தில் புத்தளத்துக்கும் அநுராதபுரத்துக்கும் நடுவில் பொனற் திறந்து நிற்பது யாருக்கும் விருப்பமில்லை. 1990களில் வந்த பல ஜப்பான் கார்களில் காற்றுப்பையும் இல்லை. உங்கள் ஸ்டியரிங்கைப் பாருங்கள். இதில் நான் அவர் பக்கம். ஆனால் வருடத்தில் ஒரு பயணத்துக்காக 60 மாதம் தவணை கட்டுவதா? வெள்ளவத்தையில் இருந்தே இரவுச் சொகுசு பஸ் புறப்படுகிறது. அல்லது அந்த நாலு நாளுக்கு ஒரு வாகனத்தை வாடகைக்கு எடுங்கள். மற்ற நாட்களில் நீங்கள் ஓடுவது ஒரு கூப்பிடு தூரம்.

நீங்கள் இருவரும் தினமும் அவிசாவளைக்கோ நீர்கொழும்புக்கோ ஓடுபவர்களாக இருந்தால் நான் இந்தப் பதிலை எழுதியிருக்க மாட்டேன்.

ஒருவேளை வாங்குவதே என்று முடிவானால் ஒன்று மட்டும். நம் ஊரில் "புது வாகனம்" என்பது பல நேரம் ஜப்பானில் ஒருவர் ஓடிவிட்டுக் கொடுத்தது. அங்கே ஏலத்தில் விற்றபோது காரின் நிலையை எழுதிய ஏலத் தாளைக் கேட்டு வாங்கி, அதில் உள்ள மீற்றரும் காரில் உள்ள மீற்றரும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஹைபிரிட் என்றால் பற்றரியைப் பரிசோதிக்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். அந்தப் பற்றரி ஒருநாள் போகும்போது வரும் செலவுக்கு முன்னால் இந்த 2 இலட்சத்து 80 ஆயிரம் சின்னதாகத் தெரியலாம்.

அப்பாவைப் பற்றி நீங்கள் ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அதனால் நானும் அதைக் கிளறவில்லை. கார் ஓடும் நிலையில் இருந்தால் வைத்திருப்பதற்கு அந்த வரி வேண்டாம், கணக்கே போதும்.

வரும் சனிக்கிழமை காலையிலேயே சேர்விஸ் நிலையத்துக்குப் போங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு. தரைவிரிப்பை அவர் கையாலேயே தூக்கட்டும். ஸ்குரூ டிரைவர் எங்கே நிற்கிறது என்று தெரியும்வரை, 27 இலட்சம் சொன்னவரின் தொலைபேசி இலக்கத்தை எறிந்துவிடாதீர்கள்.